தோற்றவர்கள் ஜெயித்த தேர்தல்

மேற்கு மாசசூசெட்ஸில் பெல்ஹாம் ஊர் வழியாக வடக்கே ஏறும் 202ஆம் எண் சாலைக்கு டேனியல் ஷேஸ் நெடுஞ்சாலை என்று பெயர். 1787இல் இதே மாநில அரசு அந்த ஷேஸின் தலைக்கு 150 பவுண்டு விலை வைத்துத் தேடியது. வரி கட்ட முடியாத குடியானவர்களைத் திரட்டிக்கொண்டு நீதிமன்றங்களை மூடினார், ஆயுதக் கிடங்கைப் பிடிக்கப் போனார் என்பது குற்றம்.

நான் கணக்குத் தொழிலில் இருப்பவன். ஜனவரி பிறந்தால் ஏப்ரல் பாதி வரை ஊரார் வரிப் படிவங்களோடுதான் குடித்தனம். அதனால் ஷேஸ் கிளர்ச்சியைப் படிக்கும்போது என் கண் துப்பாக்கி மேல் போகவில்லை, பேரேட்டின் மேல்தான் போனது. பள்ளிப் பாடங்களில் இதை இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள்: குடியானவர்கள் கலகம் செய்தார்கள், தலைவர்கள் பயந்துபோய் அரசியல் சாசனம் எழுதினார்கள். பயந்தது உண்மைதான். ஆனால் எதைக் கண்டு பயந்தார்கள் என்பதில் எனக்கு வேறு அபிப்பிராயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் கடன் கணக்கு. பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டை போட்டவர்களுக்குக் கொடுக்கக் கையில் காசில்லாததால் மாசசூசெட்ஸ் அரசு பத்திரம் எழுதிக் கொடுத்தது. போர் முடிந்து வீடு திரும்பிய சிப்பாய்க்கு விதை வாங்க வேண்டும், மாடு வாங்க வேண்டும், கடைக்காரர் பாக்கியைத் தீர்க்க வேண்டும். பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துக் காத்திருக்க அவனால் முடியாது. கிடைத்த விலைக்கு விற்றான். வாங்கியவர்கள் பெரும்பாலும் பாஸ்டன் பக்கத்துப் பணக்காரர்கள்.

ஒரு உதாரணத்துக்கு 100 பவுண்டு பத்திரம் ஒன்று 20 பவுண்டுக்குக் கை மாறியது என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பத்திரங்களுக்கு 6 சதவீத வட்டி. 6 சதவீதம் என்பது முகமதிப்பான 100 மேல்தானே, கொடுத்த 20 மேல் இல்லையே. ஆக, 20 பவுண்டு போட்டவருக்கு வருஷத்துக்கு 6 பவுண்டு, அதாவது 30 சதவீதம் வட்டி. அசல் திரும்பும்போது ஐந்து மடங்கு. அதுவும் காகிதத்தில் இல்லை, கெட்டி நாணயத்தில். சட்டமன்றமோ இந்தக் கடனை முழு முகமதிப்பில், வட்டியோடு, சீக்கிரமாக அடைத்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தது. அதற்குப் பணம்? வரி. யாரிடமிருந்து? நிலத்தின் மேல் வரி, அதோடு 16 வயது தாண்டிய ஆண்களுக்குத் தலைவரி. நான்கு மகன்கள் இருக்கும் குடியானவன் வீட்டில் தலைகள் அதிகம், நாணயம் குறைவு.

பத்திரத்தை அடிமாட்டு விலைக்கு விற்ற அதே சிப்பாய், அதை முழு விலைக்கு அரசு மீட்பதற்காக வரி கட்டுகிறான். என் தொழிலில் எத்தனையோ விசித்திரமான கணக்குகளைப் பார்த்தாயிற்று. சட்டப்படி பிசகே இல்லாமல் இவ்வளவு அநியாயமான ஒன்றை அதிகம் பார்த்ததில்லை. பின்னாளில் ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகேயில் ஆடம்ஸ்கூட உறவினர் ஒருவர் மூலம் இப்படிப் பத்திரங்கள் வாங்கிச் சேர்த்தவர்தான். நல்ல முதலீட்டாளர். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம் தனியார் கடன். பிரிட்டிஷ் வியாபாரிகள் இனிமேல் கடன் சரக்கு கிடையாது, பழைய பாக்கியை நாணயமாக எடு என்று பாஸ்டன் வணிகர்களை நெருக்கினார்கள். அவர்கள் உள்ளூர்க் கடைக்காரர்களை நெருக்க, கடைக்காரர்கள் குடியானவர்களை நெருக்கினார்கள். அதுவரை ஒரு மூட்டைத் தானியம், இரண்டு நாள் உழைப்பு என்று கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்த கிராமங்களில் திடீரென்று வெள்ளிக் காசு கொண்டுவா என்றால் எங்கே போவது? ஆளுநர் ஜான் ஹான்காக் இருந்தவரை வரி பாக்கியை ரொம்ப முடுக்கவில்லை. 1785இல் அவர் விலக, ஜேம்ஸ் போடின் வந்தார். அவர் கறாரான ஆள். பழைய பாக்கியையும் சேர்த்து வசூல் தொடங்கியது. வழக்கு, தீர்ப்பு, ஜப்தி, ஏலம். ஏலத்தில் மாடு பாதி விலைக்குக்கூடப் போகாது, ஏனென்றால் வாங்க வந்தவன் கையிலும் காசில்லை.

குடியானவர்கள் எடுத்த எடுப்பில் துப்பாக்கி தூக்கவில்லை. ஊர் ஊராகக் கூட்டம் போட்டு மனு எழுதினார்கள். 1786 ஆகஸ்டில் ஹாட்ஃபீல்டில் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தின் 50 ஊர்ப் பிரதிநிதிகள் கூடிக் குறைகளைப் பட்டியல் போட்டார்கள். காகிதப் பணம் வெளியிடுங்கள், வரியைத் தளர்த்துங்கள், வழக்குச் செலவைக் குறையுங்கள், சட்டமன்றத்தைப் பாஸ்டனிலிருந்து வேறு ஊருக்கு மாற்றுங்கள் என்றெல்லாம். பாஸ்டன் காதில் எதுவும் ஏறவில்லை.

ஆகஸ்ட் 29 அன்று சுமார் 1,500 பேர் நார்த்ஹாம்ப்டன் நீதிமன்றத்தைச் சூழ்ந்துகொண்டு நீதிபதிகளை உட்கார விடாமல் செய்தார்கள். அடுத்து உஸ்டர், கான்கார்ட், டான்டன், கிரேட் பாரிங்டன். நீதிமன்றம் கூடாவிட்டால் தீர்ப்பு இல்லை. தீர்ப்பு இல்லாவிட்டால் ஜப்தி இல்லை. இது அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்த தந்திரமும் இல்லை. 1774இல் பிரிட்டிஷ் மன்னருக்கு எதிராக இதே மேற்கு மாவட்டங்களில் இதே நீதிமன்றங்களை இப்படித்தான் மூடினார்கள். அன்றைக்கு அது தேசபக்தி. பன்னிரண்டு வருஷத்தில் ராஜத்துரோகம் ஆகிவிட்டது. அன்றைய கிளர்ச்சிக்காரர்களில் முக்கியமானவரான சாமுவேல் ஆடம்ஸ், இன்று கலக ஒடுக்கச் சட்டம் எழுத உதவினார். மன்னராட்சியில் கலகம் செய்தவனை மன்னிக்கலாம், குடியரசின் சட்டத்தை எதிர்ப்பவனுக்கு மரணம்தான் என்பது அவர் வாதம்.

ஷேஸைப் பற்றி ஒரு வார்த்தை. பங்கர் ஹில், சரடோகா எல்லாம் பார்த்த போர்க்களக் கேப்டன். பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட் அவருக்கு ஒரு வாளைப் பரிசாகக் கொடுத்ததாகவும், கை இறுக்கத்தில் அதை விற்றுவிட்டதாகவும் சொல்வார்கள். கலகத்துக்கு அவர் ஒற்றைத் தலைவர் இல்லை. லூக் டே, ஜாப் ஷாட்டக், ஈலை பார்சன்ஸ் என்று பலர் இருந்தார்கள். ஒரு பெயரை ஒட்டிவிட்டால் ஒடுக்குவது சுலபம் என்பதால் எதிர்த்தரப்பு ஷேஸ் பெயரைப் பிடித்துக்கொண்டது என்பது என் ஊகம்.

இனி அரசுப் பக்கம். உள்ளூர்ப் படையைக் கூப்பிட்டால் பாதிப் பேர் வரவில்லை, வந்தவர்களில் சிலர் எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள். மத்தியில் இருந்த காங்கிரஸுக்கோ வரி போடும் அதிகாரமே கிடையாது. மாநிலங்களுக்கு ‘இவ்வளவு தாருங்கள்’ என்று கடிதம்தான் எழுதலாம். பராமரிப்புச் சந்தா கேட்டு நோட்டீஸ் ஒட்டிவிட்டு, யாரும் கட்டாததால் படிக்கட்டு விளக்கைக்கூட மாற்ற முடியாமல் உட்கார்ந்திருக்கும் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் மாதிரி. 1786 அக்டோபரில் 1,340 வீரர்களைச் சேர்க்கத் தீர்மானம் போட்டார்கள். வெளியே சொன்ன காரணம், ஒஹாயோ பக்கத்துப் பூர்வகுடிகளோடு போர். உள்ளே இருந்த காரணம் ஊரறிந்தது. அதற்குப் பணம் கேட்டபோது வர்ஜீனியாவைத் தவிர யாரும் அசைந்து கொடுக்கவில்லை.

கடைசியில் பாஸ்டன் வணிகர்களே பை திறந்தார்கள். தனியார் நன்கொடையாகவும் கடனாகவும் 6,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. பெஞ்சமின் லிங்கன் தலைமையில் சுமார் 3,000 பேர் புறப்பட்டார்கள். கடன் கொடுத்தவர்களே கடனாளிகள்மீது அனுப்பிய சேனை என்று இதைச் சொன்னால் மிகையில்லை.

1787 ஜனவரி 25, ஸ்பிரிங்ஃபீல்ட். கிடங்கில் இருந்த ஆயுதங்கள் காங்கிரஸுக்குச் சொந்தம், காவல் நின்றவர்களோ வில்லியம் ஷெப்பர்டின் மாநிலப் படையினர். காவல் காக்க அவர்களிடம் ஆயுதம் போதவில்லை. போர்த்துறைச் செயலாளர் ஹென்றி நாக்ஸிடம் அனுமதி கேட்டால், காங்கிரஸ் சொல்லாமல் தர முடியாது என்ற பதில்தான். ஷெப்பர்ட் கிடங்கிலிருந்தே எடுத்துக்கொண்டார். எதைக் காக்க வந்தாரோ அதையே எடுத்துத்தான் அதைக் காக்க முடிந்தது.

கலகக்காரர்களின் திட்டம் மூன்று பக்கத்திலிருந்து நெருங்குவது. லூக் டே ‘இன்று முடியாது, நாளை வருகிறேன்’ என்று ஷேஸுக்கு அனுப்பிய கடிதம் ஷெப்பர்டின் ஆட்கள் கையில் சிக்கிவிட்டது. அது தெரியாமல் ஷேஸ் ஆழமான பனியில் தன் ஆட்களோடு வந்துவிட்டார். தொப்பியில் ஹெம்லாக் மரத்தின் சிறு கொத்து, அதுதான் அவர்கள் அடையாளம். முதல் இரண்டு குண்டுகளைத் தலைக்கு மேலே பறக்கவிட்டதாகவும், அதனால் அவர்கள் நடை வேகமானதே தவிர நிற்கவில்லை என்றும் ஷெப்பர்ட் மறுநாள் போடினுக்கு எழுதினார். அடுத்தவற்றைக் கூட்டத்தின் நடுவே விட்டார். நாலாவது, ஐந்தாவது குண்டிலேயே அணி குலைந்தது. பின்வரிசையிலிருந்து ‘கொலை’ என்று கத்தல். மூன்று பேர் அங்கேயே விழுந்தார்கள், காயம்பட்ட ஒருவர் பிறகு இறந்தார். இரு பக்கமும் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை, பேசியது பீரங்கி மட்டும்தான். அரசுத் தரப்பில் பலத்த காயம்பட்டவர், தன் பீரங்கி அருகே கவனக்குறைவாக நின்ற பீரங்கிக்காரர்.

தான் நினைத்திருந்தால் இருபத்தைந்து நிமிஷத்தில் பெரும்பாலோரைக் கொன்றிருக்க முடியும் என்றும் ஷெப்பர்ட் அதே கடிதத்தில் எழுதுகிறார். எதிரே வந்தவர்களில் பலர் அவரோடு ஒரே போரில் சண்டை போட்டவர்கள் என்பதை நினைத்தால் அந்த வரி வேறு மாதிரி ஒலிக்கிறது.

மீதி சீக்கிரம் முடிந்தது. பிப்ரவரி 3 இரவு லிங்கன் ஹாட்லியிலிருந்து பனிப்புயலில் சுமார் 30 மைல் நடத்திப் போய்ப் பீட்டர்ஷாமில் விடியற்காலையில் வளைத்தார். 150 பேர் பிடிபட்டார்கள், ஷேஸ் வெர்மான்ட் பக்கம் தப்பினார். கடைசிக் கைகலப்பு நடந்த ஷெஃபீல்டில் சாலையோரம் ஒரு சின்னக் கல் நிற்கிறது. மலைத்தடம் நடக்க வருபவர்கள் அதன் மேல் பையை வைத்துத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆயிரக்கணக்கானவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு விசுவாசப் பிரமாணம் எடுத்தார்கள். டிசம்பரில் லெனாக்ஸில் தூக்கிலிடப்பட்டவர்கள் இரண்டே பேர், ஜான் பிளை, சார்ல்ஸ் ரோஸ்.

இனி கடிதங்கள். நாக்ஸ் 1786 அக்டோபரிலேயே வாஷிங்டனுக்கு எழுதினார்: பன்னிரண்டு பதினைந்தாயிரம் கொள்கையற்ற வெறியர்கள் திரண்டுவிட்டார்கள், நாட்டின் சொத்தெல்லாம் எல்லாருக்கும் பொது என்பது அவர்கள் சித்தாந்தம். ஹாட்ஃபீல்ட் மனுவில் நான் தேடிப் பார்த்தவரை சொத்தைப் பங்கு போடச் சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை. வழக்குச் செலவைக் குறைக்கத்தான் கேட்டிருந்தார்கள். ஆனால் வாஷிங்டன் வர்ஜீனியாவில் தன் பண்ணையான மவுன்ட் வெர்னனில் இருந்தார். அவருக்கு வந்த செய்தி பெரும்பாலும் நாக்ஸ் போன்றவர்களின் பேனா வழியாக வந்ததுதான். ஓய்வில் இருந்தவரை, சாசனம் எழுதிய பிலடெல்ஃபியா மாநாட்டுக்கு இழுத்ததில் இந்தக் கடிதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அபிகேயில் ஆடம்ஸ் லண்டனிலிருந்து ஜெஃபர்சனுக்கு எழுதும்போது, மனசாட்சி இல்லாத அறிவிலிப் போக்கிரிகள் என்று திட்டித் தீர்த்தார். பத்திரங்களை நினைவில் வைக்கச் சொன்னேனே, இதற்குத்தான். பாரிஸில் இருந்த ஜெஃபர்சனோ, அவ்வப்போது ஒரு சின்னக் கலகம் எனக்குப் பிடிக்கும், அது வானத்தில் புயல் அடிப்பது போல என்று பதில் எழுதினார். அவருக்கென்ன, அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம்.

சரி, இப்போது என் வாதம். 1787 ஏப்ரலில் மாசசூசெட்ஸில் தேர்தல் வந்தது. கலகத்தில் கலந்துகொண்டவர்களுக்கு ஓட்டுப் போடும், பதவி வகிக்கும் உரிமையைச் சட்டமன்றம் பறித்திருந்தது. பள்ளிக்கூடம் நடத்தக்கூடாது, சாராயக்கடைகூட வைக்கக்கூடாது. அப்படியும் போடின் கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றுப்போனார். ஹான்காக் திரும்ப வந்தார். சட்டமன்றத்தில் பெரும்பாலும் புதுமுகங்கள். வந்த கையோடு நேரடி வரியைத் தளர்த்தினார்கள், கடனாளிகளுக்கு அவகாசம் கொடுத்தார்கள், மன்னிப்புகளை அகலப்படுத்தினார்கள். பீரங்கி முன் தோற்ற கோரிக்கைகளில் பாதி, ஓட்டுப்பெட்டியில் ஜெயித்தன.

சாசனத்தை வடித்தவர்களில் முக்கியமானவரான ஜேம்ஸ் மேடிசன் இதை முன்பே மோப்பம் பிடித்திருந்தார். கலகக்காரர்கள் இனிமேல் தேர்தலைத் தங்கள் பக்கம் திருப்பி, சட்டத்தின் நிழலிலேயே காரியத்தைச் சாதிக்கப் பார்ப்பார்கள் என்று அந்தப் பிப்ரவரியிலேயே கடிதத்தில் எழுதினார். அவர் கண்முன் ரோட் ஐலண்ட் வேறு இருந்தது. அங்கே குடியானவர் கட்சி 1786இலேயே ஆட்சியைப் பிடித்து, காகிதப் பணத்தை அச்சடித்து, கடன் கொடுத்தவர்கள் அதை வாங்கியே தீர வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தது. துப்பாக்கியோடு வருகிறவனைப் படை வைத்து அடக்கலாம். பெரும்பான்மையோடு வருகிறவனை என்ன செய்வது? மே மாதம் பிலடெல்ஃபியாவில் உட்கார்ந்தவர்களின் தலையில் இந்தக் கேள்வி இருந்தது. மாசசூசெட்ஸ் பிரதிநிதி எல்பிரிட்ஜ் ஜெரி மே 31 அன்று வெளிப்படையாகவே சொன்னார்: நம் துன்பமெல்லாம் ஜனநாயகம் அளவுக்கு மிஞ்சியதால் வந்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாநாடு கூட்ட வேண்டும் என்ற யோசனை 1786 செப்டம்பரிலேயே அன்னாபொலிஸில் பிறந்துவிட்டது. அங்கே வந்தது ஐந்தே மாநிலங்கள். கலகம் இல்லாவிட்டாலும் ஏதோ ஒரு மாநாடு நடந்திருக்கும். ஆனால் காங்கிரஸ் அதற்குச் சம்மதித்தது ஸ்பிரிங்ஃபீல்ட் பீரங்கிக்கு ஒரு மாதத்துக்குள், பிப்ரவரி 21 அன்று.

சாசனத்தை எடுத்துப் பாருங்கள். கலகங்களை அடக்கக் குடிப்படையை அழைக்கும் அதிகாரம், உள்நாட்டு வன்முறையிலிருந்து மாநிலங்களைக் காக்கும் உறுதி, இதெல்லாம் ஷேஸின் பனிக்காலத்துக்குப் பதில் என்று எல்லாரும் காட்டுவார்கள். நான் காட்டுவது முதல் பிரிவின் பத்தாம் உட்பிரிவு. எந்த மாநிலமும் காகிதப் பணம் வெளியிடக்கூடாது. தங்கம், வெள்ளி நாணயம் தவிர எதையும் கடன் தீர்க்கும் பணமாக ஆக்கக்கூடாது. ஒப்பந்தக் கடமையைக் குலைக்கும் சட்டம் போடக்கூடாது. இது ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பதில் இல்லை, ஏப்ரல் தேர்தலுக்குப் பதில். நீங்கள் ஜெயிக்கலாம், ஆனால் ஜெயித்து இதையெல்லாம் செய்ய முடியாது என்று பூட்டிய பூட்டு. செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க முடியாமல் வைத்ததும் அந்தப் பயத்தின் சாயல்தான்.

பாஸ்டனில் சாசனத்தை ஏற்பதா என்ற விவாதம் நடந்தபோது இரண்டு கிராமத்துக்காரர்கள் மோதியது எனக்கு மிகவும் பிடித்த இடம். நாள் 1788 ஜனவரி 25, ஸ்பிரிங்ஃபீல்டுக்குச் சரியாக ஒரு வருஷம். சட்டன் ஊர் அமோஸ் சிங்கிள்டரி எழுந்து, இந்த வக்கீல்களும் படித்தவர்களும் பணக்காரர்களும் தேனொழுகப் பேசிப் படிக்காத ஏழைகளான நம்மை மாத்திரை விழுங்க வைக்கிறார்கள், பிறகு திமிங்கிலம் யோனாவை விழுங்கியது போல நம்மையே விழுங்கிவிடுவார்கள் என்றார். லேன்ஸ்பரோவின் ஜோனதன் ஸ்மித் பதிலுக்கு எழுந்தார். நான் ஏர் பிடித்துப் பிழைப்பவன் என்று ஆரம்பித்து, போன குளிர்காலத்தில் எழுந்த கரிய மேகம் மேற்கு முழுக்கக் கவிந்ததைச் சொன்னார். சட்டம் ஒழுங்கு இல்லாத ஊரில் வாழ்ந்து பார்த்தவன், இந்தச் சாசனம் அந்த நோய்க்கு மருந்தாகத் தெரிகிறது. யாரிடமும் கேட்டு முடிவெடுக்கவில்லை, எங்கள் ஊரில் வக்கீலே கிடையாது, அவர்கள் இல்லாமல் நன்றாகத்தான் இருக்கிறோம் என்றார். இரண்டு பேரும் ஒரே மண்ணைப் பார்த்துத்தான் பேசினார்கள். என் ஓட்டு சிங்கிள்டரிக்குப் போயிருக்குமா, ஸ்மித்துக்கா என்று இன்னும் எனக்கு முடிவாகவில்லை. சபை 187க்கு 168 என்று ஏற்றது. திருத்தங்கள் வேண்டும் என்ற பரிந்துரையோடுதான் ஏற்றது. உரிமைச் சட்டத் திருத்தங்கள் பிறக்க அந்தப் பரிந்துரையும் ஒரு காரணம்.

இதன் பிறகு நடந்த கணக்கை யாரும் அதிகம் பேசுவதில்லை. 1790இல் நிதித்துறைச் செயலாளர் அலெக்சாண்டர் ஹாமில்டன் மாநிலங்களின் போர்க் கடனை மத்திய அரசின் தலையில் ஏற்றினார். மாசசூசெட்ஸ் பங்கு 40 லட்சம் டாலர் வரை. மத்திய அரசு அதை அடைக்கப் பெரும்பாலும் துறைமுகத்தில் இறக்குமதி வரி வாங்கியது. நிலவரிக்கும் தலைவரிக்கும் மாநிலத்துக்கு இருந்த நெருக்கடி தளர்ந்தது. மேற்கு மாவட்டங்கள் பெரும்பாலும் எதிர்த்து ஓட்டுப் போட்ட சாசனம்தான் அவர்கள் சுமையை இறக்கியது. மலிவு விலைக்குப் பத்திரம் வாங்கியவர்களுக்கும் நல்ல பணம் கிடைத்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

எங்கே மறுபடி குடியானவன் கையைத் தொட்டார்களோ அங்கே மறுபடி வெடித்தது. 1791இல் விஸ்கி மேல் வரி, 1794இல் மேற்கு பென்சில்வேனியாவில் கலகம். இந்த முறை நிலைமை வேறு. 1,340 பேருக்குப் பணம் திரட்ட முடியாத நாடு, கிட்டத்தட்ட 13,000 குடிப்படையினரைத் திரட்டியது. வாஷிங்டனே குதிரையில் பெட்ஃபோர்ட் வரை போனார். எதிர்த்து நிற்க ஆளில்லை. துரோகக் குற்றம் நிரூபணமான இரண்டு பேரையும் அவரே மன்னித்தார். வரி 1802இல் ஜெஃபர்சன் காலத்தில் ரத்தானது. அதுவும் தேர்தலில் ஜெயித்துத்தான்.

ஷேஸுக்கு 1788இல் மன்னிப்புக் கிடைத்தது. கொஞ்ச காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பக்கம் குடிபெயர்ந்தார். வறுமை விடவில்லை. ஏழையாகிப்போன பழைய போர்வீரர்களுக்கு மத்திய அரசு ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கியபோது அவரும் விண்ணப்பித்தார். 1820 சட்டப்படி விண்ணப்பிப்பவர் தன் வீட்டில் உள்ள சொத்தை ஒவ்வொன்றாக எழுதி, இவ்வளவுதான் என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய வேண்டும். ஷேஸுக்கு ஓய்வூதியம் வந்தது. 1825இல் இறக்கும் வரை வாங்கினார்.